அறுபத்தொரு டிகிரி

விதர்ன்சீ. காலை ஒன்பதாகப் பத்து நிமிடம்.
சாலையின் விளிம்பை ஆண்டுக்கு ஆண்டு
வடகடல் கடித்துத் தின்னும் ஊர்.
மீன் வறுவல் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில்
பல் மருத்துவமனை.
அடையாள அட்டையைக் காட்டினேன்.
வரவேற்பில் டெனிஸ் சிரித்தாள்
வாய் திறக்காமல்.

இரண்டு வாரம் முன்பே கடிதம் போட்டுவிட்டுத்தான்
ஆய்வுக்கு வருகிறோம்.
ஆகவே தரை மின்னும்.
தரையை நான் பார்ப்பதில்லை.
இழுப்பறையின் பின்மூலைக்குக் கைவிடுவேன்.

அவசர மருந்துப் பெட்டி: அட்ரினலின் இருக்கிறது.
ஆக்சிஜன் நிறைந்திருக்கிறது.
குளுக்ககான் ஊசியை வெளியே வைத்தால் ஆயுள் குறையும்,
புதுத் தேதி எழுத வேண்டும்;
எழுதியிருந்தார்கள், பச்சை மையில்.
குழந்தை அளவு முகமூடி
பெரியவர்களுடையதன் அடியில் கிடந்தது.
தேட எட்டு வினாடி.
எட்டு என்று குறித்துக்கொண்டேன்.

கருவிகள் கழுவும் அறை.
அழுக்கு இந்தக் கதவால் வர வேண்டும்,
சுத்தம் அந்தக் கதவால் போக வேண்டும்,
இரண்டும் வழியில் சந்திக்கக் கூடாது.
"நான் இல்லை என்று நினைத்துச் செய்" என்றேன்.
அது முடியாது என்று இருவருக்கும் தெரியும்.
செவிலி மார்னி
நீருக்கடியில் தேய்த்தாள், அலசினாள்,
விளக்குவைத்த பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
ஒரு கருவியின் கொக்கியில்
கடுகில் பாதி சிமெண்ட்.
என் பக்கம் திரும்பாமலே
மறுபடி தொட்டியில் போட்டாள்.
அதற்கு மட்டும் நான்கு வரி எழுதினேன்.

பிறகு சுடுநீர் ஏடு.
வாரம் ஒருமுறை குழாயின் வெப்பம்:
61. 61. 61. 61.
மார்ச்சிலிருந்து ஒரே பேனா, ஒரே சாய்வு.
கிறிஸ்துமஸ் அன்றும் 61.
அன்று கதவே திறந்திருக்காது.

என் வெப்பமானியை எடுத்தேன்.
குழாயைத் திறந்து ஒரு முழு நிமிடம் விட்டேன்.
நாற்பத்து மூன்று.
ஏடு பல்லிளித்தது.

டாக்டர் ப்ளென்கின் தன் காலணியைப் படித்தார்.
மார்னி சொன்னாள்: "நான்தான் எழுதினேன்.
மார்ச்சில் உடைந்துவிட்டது. மூன்று தடவை கேட்டேன்.
வரும் என்றார்கள்."
யார் என்றார்கள் என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்க வேண்டும்.

முன்னறையில் தொலைபேசி ஓயவில்லை.
"இல்லைங்க, புதுசா யாரையும் சேர்க்கிறதில்லை.
பெவர்லியில்? ஓ, அங்கேயும் சொல்லிட்டாங்களா."
புகையிலை டப்பா ஒன்றை
மடியில் வைத்திருந்த கிழவர்
அதைத் திறந்து காட்டினார்:
இடுக்கியால் அவரே பிடுங்கிய பல்,
ஒரு வேர் மட்டும்.
மற்றது உள்ளேயே இருக்கிறதாம்.
"மூடிடுவீங்களா?" என்றார்.
"மூடுவது என் வேலையில்லை."
"அப்ப நீங்க இந்த நாற்காலியில உட்காருவீங்களா?"

என் நாக்கு
வலது கீழ்க் கடைவாய்க்குப் போனது.
ஹல்லில் பதினான்கு மாதமாகக் காத்திருப்புப் பட்டியலில் நான்;
கைப்பையில் கிராம்பு எண்ணெய்,
பத்து நாளாய் இடது பக்கமே மெல்கிறேன்.
இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
சம்பளம் வாங்குவது
கேள்வி கேட்க.

காரில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன்.
எங்கள் அறிக்கையில் இரண்டே முடிவுகள்:
'செய்தால் நல்லது.'
'செய்தே ஆக வேண்டும்.'
முதலாவதை யாரும் படிப்பதில்லை.
இரண்டாவதற்குப் பின்
பணக்கணக்கு போடுவார் ப்ளென்கின்,
தேவைப்பட்டால் நீலக் கதவை விற்றுவிட்டு
மகள் இருக்கும் ஸ்பெயினுக்குப் போவார்.
நாலாயிரம் வாய்கள்.
குழாயில் வளர்வது வாய்களை எண்ணிப் பார்த்து வளராது.
'ஆக வேண்டும்' என்று அடித்தேன்.
அந்த நான்கு வரியை அப்படியே விட்டேன், மேலே.

கண்ணாடியில் தட்டல்.
மார்னி, கோட்டில்லாமல், மூச்சிரைக்க.
"மறந்துட்டீங்க."
என் வெப்பமானி.
நீயே வைத்துக்கொள் என்று சொல்ல
விதியில் இடமில்லை. வாங்கிக்கொண்டேன்.
முனையைப் பொத்திப் பிடித்தபடி ஓடி வந்திருக்கிறாள்:
முப்பத்தொன்று,
பிறகு முப்பது,
பிறகு காற்றின் எண்.